டிவி ரிமோட்டோடு வந்தவர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் குடிதண்ணீர் மிஷின் ஒன்று மாட்டியிருக்கிறது. குழாயைத் திறந்தால் அதற்குள் ஒரு நீல விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் கிருமி சாகிறது, நிம்மதியாகக் குடிக்கலாம் என்று மந்தைவெளியில் இருக்கிற அத்தனை குடும்பங்களையும் போல நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சர்வீசுக்கு வந்த முதல் நாளே அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டார் அவர்.

"லேம்ப் செத்துப்போச்சு டீச்சர்."

"எரியுதே?"

"எரியும். நீலமா தெரியுதே, அது யூவி இல்ல. கிருமிய சாவடிக்கறது யூவி வெளிச்சம்தான், அது கண்ணுக்கே தெரியாது. அது நின்னு எத்தினி மாசம் ஆச்சோ. தெரியறது மட்டும் சும்மா எரிஞ்சுகினு கீது."

முப்பத்து நான்கு வருஷம் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் நான். காப்பியடிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தேன். புது லேம்ப் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அவர் வாதாடவில்லை. "நம்பிக்கை இல்லன்னா வேணாம் டீச்சர். ஆனா தண்ணிய காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். விற்க வந்தவன் எவனாவது காய்ச்சிக் குடி என்று சொல்லுவானா? இரண்டு நாள் யோசித்துவிட்டு நானே ஃபோன் செய்து கூப்பிட்டேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை, கேட்கிற யோக்கியதையும் எனக்கு இப்போது கிடையாது. எங்கள் பில்டிங்கில் எல்லோருக்கும் அவர் 'ஃபில்டர்காரர்'. ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு. வீடு ராயப்பேட்டையில், எதிரெதிரே இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு போக முடியாத ஒரு சந்தில். வீட்டில் உருது, வெளியில் எங்கள் ஊர்த் தமிழ். இங்கிலீஷ் மட்டும் அவருக்குச் சிம்மசொப்பனம். அவர் பையில் சாமான்களோடு சாமானாக ஒரு டிவி ரிமோட் இருக்கும். பின் மூடி போய், ரப்பர் பேண்டு சுற்றிய பழைய ரிமோட். வீட்டு ரிமோட்டைத் தவறிப்போய்ப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், பாவம் அவர் மனைவி வீட்டில் தேடிக்கொண்டிருப்பாள் என்று முதலில் நினைத்தேன்.

ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினவர் கீழே இறங்கவே காணோம். நான் போய்ப் பார்த்தால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்து நிற்கிறார்.

"இன்னா டீச்சர் இது! மேக்கால பூரா காலியா கீது!"

பக்கத்து மனையில் அப்போது ஒரு பழைய ஒற்றைமாடி பங்களா இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு விளையாட்டு மைதானம். மயிலாப்பூர்ப் பக்கத்தில் இப்படி ஒரு காலி இடத்தைப் பார்த்தால் சாதாரணமாக மனிதர்கள் சதுர அடிக் கணக்குப் போடுவார்கள். இவர் வானத்தை அளந்துகொண்டிருந்தார். தன்னிடம் ஒரு டெலஸ்கோப் இருப்பதாகவும், சந்துக்குள்ளிருந்து பார்த்தால் தலைக்கு மேலே ஒரு துண்டு வானம்தான் தெரிகிறது என்றும், சாயங்காலம் வெள்ளிக் கிரகம் இறங்குகிற ஒரு மணி நேரம் மட்டும் இந்த மாடியை விட்டுக்கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். வாட்டர் ஃபில்டர் மாட்டுகிறவரிடம் டெலஸ்கோப்பா என்று வாயைப் பிளந்தேன். பிளந்த வாயை மூடுவதற்குள் சரி என்று சொல்லியிருந்தேன் போலிருக்கிறது.

வாரத்தில் நான்கைந்து நாள் வருவார். பீப்பாய் மாதிரி இருக்கும் அந்த டெலஸ்கோப் குழாயைப் படிக்கட்டு அறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து மாடியில் வைப்பார். அதற்குள் லென்ஸ் கிடையாது, வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிற ஒரு பெரிய ஆடிதான். லென்ஸ் வழியாகப் போனால் யூவி வெளிச்சத்தைக் கண்ணாடியே குடித்துவிடுமாம். ஆடியின் சூடு தணியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, ஒரு துண்டை விரித்து, பொழுது சாய்ந்ததும் செய்கிற மக்ரிப் தொழுகையை முடிப்பார். எழுந்து வரும்போது வெள்ளி பளிச்சென்று ஆகியிருக்கும். பிறகு டெலஸ்கோப்பில் மாட்டுகிற கேமராவின் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி வில்லையைத் திருகுவார். அதுதான் யூவி ஃபில்டர். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தெரியாததை மட்டும் உள்ளே விடும்.

அப்புறம்தான் ரிமோட். அதைக் கேமராவுக்கு நேராகக் காட்டி அமுக்குவார். ரிமோட்டிலிருந்து வருவதும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தான், ஆனால் அது சிவப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற வெளிச்சம். ஃபில்டர் மோசமானதாக இருந்தால் அந்த வெளிச்சம் கசிந்து லேப்டாப் திரையில் புள்ளியாக மின்னும். மின்னாது. "சுத்தம்" என்பார். ஒரு நாள்கூட இந்தச் சோதனையைச் செய்யாமல் அவர் படம் எடுத்ததில்லை. நேத்துதானே பார்த்தீர்கள் என்று கேட்டால், "நேத்து பாத்தது நேத்தோட போச்சு டீச்சர்" என்பார்.

எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி இரண்டாவது மாடி மாமா. ஒரு நாள் மூச்சிரைக்க மேலே வந்து என்னைத் தனியாக அழைத்தார்.

"டீச்சர், நீங்க பாட்டுக்கு யாரையோ மாடில விட்டுட்டேள். அது எவ்ளோ தூரம் பாக்கும்னு தெரியுமோ? எதிர்ல நாலு ஆத்துல வயசுப் பொண்கள் இருக்கா."

ஃபில்டர்காரர் காதில் விழுந்துவிட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை. "சார், நீங்களே பாருங்க" என்று ஒதுங்கி நின்றார். மாமா குனிந்து பார்த்தார். வெள்ளி அப்போது அரைவட்டமாக இருந்தது, பாதியாக வெட்டின இட்லி மாதிரி.

"இதுல ஒண்ணுமே இல்லையேய்யா. வெறும் வெள்ளைன்னா இருக்கு?"

"அதான் சார். வெறும் வெள்ளன்னுட்டு எல்லாரும் போய்ட்றாங்க. யூவில பாத்தா அது மேல மேகம் கீது. நாலு நாளைக்கு ஒரு தபா சுத்திகினு வருது. அம்மாம் பெரிய மேகம் சார், சூறாவளியாட்டம் ஓடுது. நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்."

மாமா தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார். மறுபடி வரவில்லை. ஒரு சாயபு பெரிய குழாயோடு மாடியில் நிற்பது பற்றிப் பேச்சு இருந்தது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் குழாயை வைக்கும்போது எதிர்வீட்டு ஜன்னல்களுக்கு முதுகைக் காட்டித்தான் வைப்பார்.

அந்த மேகத்தை எடுக்கவேண்டும், அதுவும் நம் ஊரிலிருந்து எடுக்கவேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை அது. வெளிநாட்டில் ஒரு குழு இருக்கிறதாம். உலகம் பூராவும் அவரைப் போன்ற ஆட்கள் எடுக்கிற படங்களை வாங்கி, வெள்ளியின் மேகத்தை நாள்தோறும் வரிசையாகப் பதிந்து வைக்கிறார்கள். கிழக்கே ஜப்பான்காரர் எடுத்து முடிப்பார், மேற்கே ஐரோப்பாவில் எடுக்க ஆரம்பிப்பார்கள். நடுவில் நமக்குப் பொழுது சாயும் நேரம் காலியாக இருக்கிறது. "நம்ம நேரத்துல யாரும் பாக்கறதில்ல டீச்சர்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஏதோ தன் வீட்டு வாசல் விளக்கு எரியாமல் கிடப்பதுபோலச் சொல்லுவார்.

அவர் ஏமாற்றத்தைத் தாங்குவாரா என்று கேட்டால், தாங்குவார் என்பதற்கு நானே சாட்சி. முதல் வருஷம், படத்தில் ஒரு மங்கலான தீற்றல் தெரிந்தது. நடுவில் மூன்று நாள் மழை, நான்கு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீழே ஓடிப்போய் வடை போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் அதற்குள் கேமராவைக் கால்வட்டம் திருப்பி மாட்டி, இன்னொரு படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா திரும்பிய பக்கம் தீற்றலும் சேர்ந்து திரும்பியிருந்தது.

"மேகம் இல்ல டீச்சர். கேமராக்குள்ள தூசு."

அதுவரை எடுத்த பதினோரு நாள் படத்தையும் என் கண் முன்னாலேயே அழித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் வடையை எடுத்துக் கடித்துவிட்டு, உப்பு ஒரு கல் கூட என்றார்.

அதன் பிறகு வந்த தீற்றல்கள் தூசு இல்லை. கேமராவைத் திருப்பினாலும் அசையாமல் வெள்ளியின் மேல் இருந்த இடத்திலேயே இருந்தன. மிகவும் மங்கல். நம் ஊர்க் காற்றில் கடல் ஈரம், தூசி, புகை எல்லாம் கலந்து யூவியில் பாதி வழியிலேயே செத்துவிடுகிறது என்பார். சாயங்கால வானத்தில் வெள்ளி ஏழெட்டு மாதம் இருக்கும், அப்புறம் விடியற்காலைப் பக்கம் போய்விடும், திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். அப்படி ஒரு தடவை போய், மறுதடவை வந்ததையும் பாதிக்கு மேல் எடுத்தபிறகுதான் நல்லதாகச் சில படங்களைத் தேர்ந்தெடுத்தார். எந்தப் படத்தையும் மெருகேற்றவில்லை, இழுத்துப் பிடித்துக் கூர்மையாக்கவில்லை.

குழுவுக்கு எழுதும் கடிதத்தை என்னிடம் ஒப்படைத்தார். ஃபோனே இப்போது தமிழை இங்கிலீஷாக்கித் தருமே என்றேன். "போட்டுப் பாத்துட்டேன் டீச்சர். நான் வேணாம்னு சொன்னா அது வேணும்னு எழுதுது. மனுசங்க எழுதனாதான் சரி. நீங்க எழுதுங்க" என்றார். என்னுடைய ஈமெயிலிலிருந்தே அனுப்பினோம். அன்றைக்குக் கல்யாணமாகிப் போன மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். உருதுவில் பேசினார். எனக்குப் புரிந்தது 'டீச்சர்' என்ற ஒரு வார்த்தைதான். அதை இரண்டு மூன்று தடவை சொன்னார்.

பதில் தை மாதம் மூன்றாம் தேதி மத்தியானம் வந்தது. பொங்கல் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து ஃபோனைத் திறந்தேன். மரியாதையான இங்கிலீஷ். படங்களுக்கு நன்றி, உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறோம், ஆனால் வருந்துகிறோம், இவற்றை எங்கள் பதிவில் சேர்க்க இயலாது, உங்கள் ஃபில்டரில் சிவப்புப் பக்கத்து வெளிச்சம் கசிகிறது என்று நினைக்கிறோம். அந்த வரியோடு ஃபோனை மூடி மேஜைமேல் குப்புற வைத்துவிட்டேன். இரண்டு பருவம் உழைத்த மனிதர், சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சிரித்துக்கொண்டு வரப்போகிறார்.

வந்தார். "பதில் எதுனா வந்துச்சா டீச்சர்?"

"இன்னும் இல்லை."

"பெரிய எடம். டைம் ஆவும்."

இரக்கம் என்றுதான் நினைத்தேன். வெள்ளி இறங்கிப் போகட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தை முழுக்கவும் மாசி முழுக்கவும் அவர் வந்தார். ரிமோட்டை அமுக்கினார், சுத்தம் என்றார், எடுத்தார். அந்த வருஷம் தை மாத வானம் அப்படித் துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஒவ்வொரு வாரமும் கேட்பார், ஒவ்வொரு வாரமும் நான் இல்லை என்பேன். நான்காவது தடவைக்கு மேல் பொய் சொல்வது பால் கணக்குச் சொல்வதுபோல எனக்குச் சுலபமாகிவிட்டது.

பங்குனியில் வெள்ளி சூரியனோடு ஒட்டிக்கொண்டு மறைந்தது. அதே வாரம் பக்கத்து பங்களாவில் பொக்லைன் நுழைந்து சுற்றுச்சுவரைத் தள்ளியது. ஏழு மாடி வருகிறதாம். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தபா எழுதுவோம் டீச்சர். மொதல்ல அனுப்பனது போய்ச் சேரலியோ இன்னாவோ. நான் சொல்றேன், நீங்க போடுங்க. அய்யா, வணக்கம்..." என்று ஆரம்பித்தார்.

என்னால் ஒரு எழுத்துக்கூட அடிக்க முடியவில்லை. பழைய பதிலைத் திறந்தேன். வந்திருக்கிறது என்றேன். படிங்க என்றார்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சேர்க்க இயலாது என்ற இடத்தில் அவர் முகம் மாறவில்லை, அன்றைக்குத் தூசுக்கு மாறாததைப் போலவே. கசிவு என்றதும் முன்னால் குனிந்தார். அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் நானே அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறேன். "டிவி ரிமோட்டை வைத்துச் சோதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ரிமோட்டின் வெளிச்சம் சிவப்பைத் தாண்டி வெகு தூரத்தில் இருப்பது. உங்கள் கண்ணாடி அங்கே கசியாது. சிவப்பை ஒட்டினாற்போலவே கசியும். ஒரு குண்டு பல்பைக் காட்டிப் பாருங்கள்."

"ஆமா" என்றார் அவர். "ஆமா டீச்சர். சரியா சொல்றாங்க."

கடைசிப் பத்தி மட்டும் மிச்சமிருந்தது. அதையும் படித்தேன். "கூடவே ஒரு நீலப்பச்சைக் கண்ணாடியைச் சேர்த்து மாட்டினால் இந்தக் கசிவு நின்றுவிடும், எளிதில் கிடைக்கும். அடுத்த மூன்று வாரம் எங்களுக்கு மிக முக்கியமானது. இரண்டு பக்கத்திலும் விடாமல் எடுக்கிறார்கள், நடுவில் உங்கள் நேரம் மட்டும் காலியாக இருக்கிறது. உங்கள் பகுதியில் எங்களுக்கு வேறு யாரும் இல்லை. தயவுசெய்து உடனே எடுத்து அனுப்புங்கள். காத்திருக்கிறோம்."

வெளியே பொக்லைன் நின்றுவிட்டிருந்தது.

"எப்ப வந்துச்சு டீச்சர் இது?"

"தை மூணாம் தேதி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தார். பிறகு, "குண்டு பல்பு ஒண்ணு கீதா வீட்ல?" என்று கேட்டார். குளியலறையில் ஒன்று இருந்தது, மாற்றச் சோம்பல்பட்டு விட்டு வைத்த மஞ்சள் பல்பு. கேமராவில் ஃபில்டரை மாட்டி அந்தப் பல்புக்கு நேராக நீட்டினார். லேப்டாப் திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. பல்பை அணைத்துவிட்டு ரிமோட்டை அமுக்கினார். இருட்டு. மறுபடி பல்பு, மறுபடி ரிமோட். ஐந்தாறு தடவை செய்திருப்பார்.

"ரெண்டையும் வெச்சுப் பாத்திருக்கணும். என் தப்புதான்."

"நான் மறைச்சுட்டேனே" என்றேன். "தாங்கமாட்டீங்கன்னு..."

"நீங்க நல்லதுக்குதான் செஞ்சீங்க" என்றார். கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "பத்து நாள்ல அந்தக் கண்ணாடி வந்திருக்கும்" என்றார்.

கேள்வித்தாளை வாங்கினால் முதலில் கடைசிவரைக்கும் படி, அப்புறம் பேனாவைத் தொடு என்று முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளின் தலையில் குட்டியவள் நான். அரைப் பக்கக் கடிதத்தை என்னால் கடைசிவரை படிக்க முடியவில்லை. அவர் தண்ணீரைச் சோதித்தார், லேம்பைச் சோதித்தார், தூசியைச் சோதித்தார். சோதிக்காமல் விட்டது என்னை ஒருத்தியைத்தான்.

குழாயை மறுவாரம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த நீலப்பச்சைக் கண்ணாடியை நானே வரவழைத்தேன். நீட்டினபோது, "உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்" என்றார். மேஜை டிராயரில் கிடக்கிறது. மேற்கே ஏழு மாடியும் எழும்பி, பச்சை வலை போர்த்திக்கொண்டு நிற்கிறது. இந்த வருஷம் வெள்ளி மறுபடி சாயங்காலத்துக்கு வந்துவிட்டது. எங்கள் மாடியிலிருந்து தெரியாது. தெருக்கோடி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால் ஒயர்களுக்கு நடுவே தெரியும். நான் போய் நின்று பார்த்தேன். வெறும் வெள்ளை.

போன வாரம் லேம்ப் மாற்ற வந்தார். நலம் விசாரித்தார், மகளுக்குக் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன், இந்த வருஷம் எடுக்கவில்லையா என்று.

"பரண்ல கீது டீச்சர். யாராவது பாத்துகினு இருப்பாங்க."

அப்போது அவர் ஃபோனில் கம்பெனியிலிருந்து ஏதோ நீளமாக இங்கிலீஷில் வந்தது. முன்பெல்லாம் இப்படி வந்தால் படித்துக்கூடப் பார்க்காமல், "இன்னா சொல்றான் பாருங்க டீச்சர்" என்று என்னிடம் நீட்டுவார். நான் டீ டம்ளரை வைத்துவிட்டு, பழக்கத்தில் கையை நீட்டினேன். அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தாரோ என்னவோ. ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ அமுக்கினார். ஃபோன் ஒரு பெண் குரலில், தப்பும் தவறுமான தமிழில் அதைப் படிக்க ஆரம்பித்தது. அதைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு, அது முழுவதையும் படித்து முடிக்கும்வரை அவர் அப்படியே நின்றார்.